கொரியாவின் வீட்டுச் சாப்பாடு, நம் வீட்டு அடுப்பில்

போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு என் சின்னவள் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்தாள். திருச்சியில் காலேஜ் இரண்டாம் வருஷம். தொட்டியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதடெல்லாம் வெளுப்பு. காவிரிக் கரையில் உட்கார்ந்து சித்திரான்னத் தூக்கைத் திறந்தால், தேங்காய்ச் சாதத்தில் ஒரு பிடி எடுத்துவிட்டு, "வயிறு எரியுதும்மா" என்று இலையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. "ராத்திரி என்னம்மா சாப்பிடறே?" என்று டாக்டர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "கொரியா நூடுல்ஸ்" என்றாள். கொரியா சீரியல் பார்த்துக்கொண்டே நாலு பெண்களும் கெட்டிலில் வெந்நீர் வைத்து, அந்தச் செக்கச் சிவந்த காரப் பொடியைக் கொட்டிக் கலந்து, தினம் தினம் ராத்திரி அதுதான் சாப்பாடாம். ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு நான் கட்டிய பணம் தண்டம்!

பாக்கெட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பாக்கெட்டில் சோடியம் 1,700 மில்லி கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க 2,000 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு சின்ன டீஸ்பூன். இவள் அதை ஒரே வேளையில் முடித்துவிடுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை மட்டுமா திட்டினேன்? அந்த நாட்டையே திட்டினேன். "மனுஷன் திங்கிற சாப்பாடாடி அது?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. லீவு முடிகிற வரை என்னோடு பேசவும் இல்லை. இரும்புச் சத்து மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஐப்பசியில் என் மூத்தவளுக்குப் பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளைத் தொட்டியத்துக்கு அழைத்து வர முடியவில்லை. பத்தியச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு நானே ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் மூன்று மாதம் தங்கினேன். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. 1996-ல் ஹூண்டாய் கம்பெனி பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை ஆரம்பித்து, 1998-ல் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, அதைச் சுற்றி எத்தனையோ கொரியக் கம்பெனிகள் வந்திருக்கின்றன. கொரியக் குடும்பங்களும் வந்திருக்கின்றன. கொரிய எழுத்தில் போர்டு மாட்டிய ஓட்டலும் மளிகைக் கடையும் அந்தப் பக்கம் சகஜம்.

மகள் குடியிருக்கும் மாடியில் எதிர் வீடும் ஒரு கொரியக் குடும்பம்தான். நான் போன முதல் நாளே ஒரு வேடிக்கை. வராந்தாவில் ஒரு குழந்தை "அப்பா!" என்று கூப்பிட்டது. சரி, தமிழ்ப் பிள்ளை என்று எட்டிப் பார்த்தால், சின்னக் கண்ணும் கொழுகொழு கன்னமுமாக எதிர் வீட்டுப் பையன்! அவர்கள் மொழியிலும் அப்பாவுக்கு அப்பாதான். அம்மாவை "ஒம்மா" என்கிறார்கள். நாளுக்கு "நல்", புல்லுக்கு "புல்" என்கிறார்களாம். இதை வைத்துத் தமிழும் கொரிய மொழியும் அக்கா தங்கை என்று சொல்கிறவர்கள் உண்டு. மொழியாராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதில்லை. அது எப்படியோ, எனக்குக் கூச்சம் போய்விட்டது.

பேத்தி பிறந்த பத்தாம் நாள், நான் பத்தியத்துக்குப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசம் மாடி முழுக்கப் பரவியிருக்க வேண்டும். கதவு தட்டும் சத்தம். எதிர் வீட்டு அம்மாள், இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் நிறத்தில் ஏதோ கூழ். மூத்தவள் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னாள்: "பரங்கிக்காய்க் கஞ்சியாம்மா. பிள்ளை பெத்தவங்களுக்கு உடம்பு வீக்கம் வடியறதுக்குக் கொடுப்பாங்களாம்." நம் ஊரில் பத்தியக்காரிக்குப் பரங்கிக்காயா என்று தயங்கி, நானே முதலில் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். பரங்கிக்காய்ப் பால் கூட்டும் பால் கொழுக்கட்டையும் சேர்ந்தாற்போல் இருந்தது!

இதன் பெயர் ஹோபாக்ஜுக். "ஜுக்" என்றால் கஞ்சி. பழுத்த மஞ்சள் பரங்கிக்காய் அரைக் கிலோவைத் தோல், விதை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு மசித்துக்கொள்ளுங்கள். மூன்று மேஜைக்கரண்டி அரிசி மாவை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, சின்னத் தீயில் கை விடாமல் கிளறுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. பரங்கி இனிப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம். அவர்கள் ஒட்டும் அரிசி மாவு போடுகிறார்கள். நான் பச்சரிசி மாவில் செய்கிறேன். வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொதிக்கும் கஞ்சியிலேயே போட்டால் வெந்து மிதக்கும். வேகவைத்த சிவப்புக் காராமணி ஒரு கை சேர்த்தால் இன்னும் நன்றாயிருக்கிறது. பல் போன என் மாமியாருக்கும், பல் வராத பிள்ளைகளுக்கும் ஏற்றது. குழந்தைக்கானால் உருண்டையும் காராமணியும் சர்க்கரையும் உப்பும் வேண்டாம்.

பிள்ளை பெற்றவர்களுக்கு அங்கே முக்கியமான பத்தியம் இதுவல்ல. மியோக்குக் என்ற கடற்பாசி சூப். நம் பூண்டுக் குழம்பு மாதிரி தினமும் கொடுப்பார்களாம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு வழக்கம். பிறந்த நாள் வந்தால் பெரியவர்களும் அந்த சூப்பைத்தான் குடிக்கிறார்கள். தன்னைப் பெற்றபோது அம்மா குடித்த சூப்! இதை அந்த அம்மாள் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அவள் அம்மா ஊரில் இருக்கிறாள் போலிருக்கிறது. ஆனால் ஒன்று, பழக்கமில்லாத நாம் கடற்பாசியை வாங்கிப் பத்தியமாகக் கொடுக்க வேண்டாம். அதில் அயோடின் மிக அதிகம். தாய்ப்பால் வழியாகப் போய்க் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கக்கூடும்.

கிண்ணம் போக வர, போக்குவரத்து பெருகியது. ஒரு நாள் மனசில் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன்: "உங்க பிள்ளைகளும் ராத்திரி ராத்திரி நூடுல்ஸ்தான் சாப்பிடுறாங்களா?" மகள் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் சிரித்தாள். கையைப் பிடித்துத் தன் சமையலறைக்கு அழைத்துப் போனாள். மேஜையில் ஆளுக்கொரு கிண்ணம் சோறு, ஆளுக்கொரு கிண்ணம் சூப். நடுவில் சின்னச் சின்னத் தட்டுகளில் கீரை, முள்ளங்கி, முளைப் பயறு, ஒரு துண்டு மீன். பாக்கெட் நூடுல்ஸ் மாதத்துக்கு இரண்டு தடவை, சோம்பலான ஞாயிற்றுக்கிழமையில். அதிலும் பொடியில் பாதிதான் போடுவேன் என்று விரலால் காட்டினாள்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாக்கெட் நூடுல்ஸ் கொரியாவுக்கு வந்ததே 1963-ல்தான். போர் முடிந்து அரிசிப் பஞ்சமாக இருந்த காலத்தில், கோதுமை மாவைச் சாப்பிடுங்கள் என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தது. அவர்களுடைய பரம்பரைச் சாப்பாடு, நம்முடையதைப் போலவே சோற்றைச் சுற்றித்தான். தொட்டுக்கொள்ளும் கறிகளுக்குப் "பான்ச்சான்" என்று பெயர். அதில் 3, 5, 7, 9 என்று வரிசை உண்டாம். 12 கறி ராஜாவுக்கு மட்டும். சோறு வடித்த பாத்திரத்தின் அடியில் ஒட்டிய காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பதும் "பாப் மொகொஸ்ஸோ?"தான், அதாவது "சோறு சாப்பிட்டாச்சா?" இதையா நான் மனுஷன் திங்கிற சாப்பாடா என்று கேட்டேன்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தை பிறக்கும் முன் தொட்டியம் திரும்பினேன். பொங்கல் லீவுக்குச் சின்னவள் வந்தாள். ரத்தம் 9.6 ஆகியிருந்தது, மாத்திரையின் தயவு. முகம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. நான் ஒன்றும் பேசாமல் கீரைக் கட்டை எடுத்து ஆய்ந்தேன்.

அவர்கள் கீரை செய்வது ரொம்பச் சுலபம். நாமுல் என்று பெயர். இரண்டு கட்டு பாலக் கீரையை, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் மட்டும் போட்டு எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். இரண்டு அங்குலமாக நறுக்கி, நசுக்கிய பூண்டு ஒரு பல், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன், வறுத்து ஒன்றிரண்டாய்ப் பொடித்த எள் ஒரு மேஜைக்கரண்டி போட்டுக் கையால் பிசறினால் முடிந்தது. அவர்கள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டுவது; வாசனை தூக்கும். நம் செக்கு எண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டுவதால் அந்த மணம் வராது. எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்துப் போட்டால் சரிக்கட்டிவிடலாம். என் மாமியார் எட்டிப் பார்த்து, "தாளிக்காத கறியா? இதென்ன கூத்து!" என்றார். சின்னவள் பின்னாலிருந்து, "அது நாமுல் பாட்டி!" என்றாள். ஆறு மாதத்தில் என் சமையலறைக்குள் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! சீரியலில் பார்த்ததை எல்லாம் அடுக்கினாள். தொக்போக்கி வேண்டுமென்றாள். விரல் நீளத்து அரிசிக் கொழுக்கட்டையைச் சிவப்புக் குழம்பில் போடுவது. எங்கள் தொட்டியத்தில் அந்தக் கொழுக்கட்டைக்கு எங்கே போவது? நாமே செய்துவிடலாம் என்றேன். இரண்டு டம்ளர் இடியாப்ப மாவுடன், சேலத்து ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்து மூன்று மேஜைக்கரண்டி கலந்து, உப்புப் போட்ட கொதிநீர் விட்டுப் பிசைந்தோம். உருண்டையாகப் பிடித்து இட்லிப் பானையில் 15 நிமிஷம் வேகவைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் மறுபடியும் அழுத்திப் பிசைந்து, சுண்டு விரல் கனத்துக்கு உருட்டி நறுக்கினோம். இந்த இரண்டாம் பிசையலில்தான் இழுவை வரும், சோம்பல்பட்டால் உதிர்ந்துவிடும். முதல் ஈடு எனக்கு உதிர்ந்துதான் போயிற்று, தாளித்து உப்புமாவாக்கி இவருக்குக் கொடுத்துவிட்டேன்.

குழம்புக்கு அவர்கள் போடுவது கொச்சுஜாங் என்ற புளித்த மிளகாய் விழுது. மிளகாய், சோயா மொச்சை, ஒட்டும் அரிசி எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் ஜாடியில் ஊறுவது. அதன் ருசிக்கு மாற்று கிடையாது. ஆனாலும் சமாளிக்கலாம். இரண்டு டம்ளர் தண்ணீரில் வெங்காயம், கோஸ் நறுக்கிப் போட்டு, காஷ்மீர் மிளகாய்த் தூள் ஒரு மேஜைக்கரண்டி, வெல்லம் ஒரு மேஜைக்கரண்டி, பூண்டு நாலு பல், சோயா சாஸ் ஒரு மேஜைக்கரண்டி சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைசி ஐந்து நிமிஷம் கொழுக்கட்டையைப் போட்டு இறக்குங்கள். வேறு உப்பு போடாதீர்கள். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 900 மில்லி கிராம் சோடியம் இருக்கிறது. நாலு பேர் பங்கிட்டுக்கொள்வதால் பரவாயில்லை. இந்தச் சிவப்பு வகை 1950-களில் வந்ததுதான். அரண்மனையில் செய்த பழைய வகையில் மிளகாயே இல்லை, காய்கறியும் சோயா சாஸும்தான். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அப்படிச் செய்து, பட்டாணி அளவாக நறுக்கிக் கொடுங்கள். ஒட்டுகிற பண்டம், பெரிய துண்டானால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கொழுக்கட்டை என்றதும் ஒன்று சொல்ல மறந்தேன். எட்டாம் மாதப் பௌர்ணமியில் அவர்களுக்கு அறுவடைப் பண்டிகை, சூசொக் என்று பெயர். புதிய அரிசியில் முன்னோர்களுக்குப் படையல். அன்றைக்குச் செய்யும் சொங்ப்யோன், பாதிச் சந்திரன் வடிவத்தில் எள்ளுப் பூரணம் வைத்த கொழுக்கட்டையேதான்! ஆவியில் வேகவைக்கும்போது அடியில் பைன் மரத்து ஊசி இலையைப் பரப்புகிறார்கள், நாம் வாழையிலை போடுவதைப் போல. அழகாகக் கொழுக்கட்டை பிடிக்கிறவளுக்கு அழகான பெண் பிறக்கும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டாம். என் மாமியார் தன் கொழுக்கட்டையையும் இவருடைய தங்கையையும் நினைத்துக்கொண்டு பெருமையாகத் தலையாட்டினார்.

அடை பிரியர்கள் பின்டேதொக் செய்து பாருங்கள். பாசிப்பருப்பு ஒரு டம்ளர், பச்சரிசி இரண்டு ஸ்பூன் சேர்த்து மூன்று மணி நேரம் ஊறவைத்து, கெட்டியாகக் கொரகொரவென்று அரைத்து, முளைப் பயறு, வெங்காயத்தாள், கோஸ், உப்புக் கலந்து, தோசைக்கல்லில் சின்னச் சின்னதாகக் கனமாகத் தட்டி எண்ணெய் விட்டு மொறுமொறுப்பாக எடுங்கள். சியோல் நகரத்துக் குவாங்ஜாங் மார்க்கெட்டில் கல் இயந்திரத்தில் இந்தப் பருப்பை அரைத்துக்கொண்டே சுட்டுப் போடுவார்களாம். தொட்டுக்கொள்ள சோயா சாஸில் பாதிக்குப் பாதி தண்ணீரும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் போதும்.

கடைசியாக கிம்ச்சி. பனிக்காலத்துக்கு முன் ஊர்ப் பெண்கள் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாம் அப்பளம் இட அக்கம்பக்கத்தைக் கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி. அதற்கான நீளக் கோஸ் திருச்சி காந்தி மார்க்கெட்டில் தேடியும் எனக்கு அன்று கிடைக்கவில்லை. அதனால் என்ன? அவர்களே முள்ளங்கியில் காக்துகி என்று ஒன்று போடுகிறார்கள்.

வெள்ளை முள்ளங்கி ஒரு கிலோவைத் தோல் சீவி, முக்கால் அங்குலச் சதுரமாக நறுக்கி, கல் உப்பு ஒரு மேஜைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி பிசறி முக்கால் மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரை வடித்துவிடுங்கள். கொட்டவேண்டாம், கொஞ்சம் தனியே இருக்கட்டும். ஒரு மேஜைக்கரண்டி அரிசி மாவை அரை டம்ளர் தண்ணீரில் கூழ் காய்ச்சி ஆறவிட்டு, காஷ்மீர் மிளகாய்த் தூள் நாலு மேஜைக்கரண்டி, பூண்டு பத்துப் பல், ஒரு அங்குலம் இஞ்சி அரைத்துக் கலந்து முள்ளங்கியில் பிசறுங்கள். வெங்காயத்தாள் ஒரு பிடி நறுக்கிப் போடுங்கள். அவர்கள் மீன் சாஸும் ஊறவைத்த இறாலும் சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அழுத்தி நிரப்பி, மேலே இரண்டு அங்குலம் இடம் விட வேண்டும். காய் சாற்றுக்குள் அமுங்கியிருக்கட்டும். போதாவிட்டால் எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். வெளியில் ஒரு நாள், சித்திரை வெயிலில் அரை நாள், பிறகு ஃபிரிட்ஜ்.

எண்ணெய், வினிகர், எலுமிச்சை எதுவும் கிடையாது. இட்லி மாவும் பழைய சோறும் எப்படித் தானாகப் புளிக்கின்றனவோ அப்படியே இதுவும் புளிக்கும். புளிக்கும்போது காற்று சேரும் என்பது தெரியாமல் முதல் பாட்டிலை விளிம்பு வரை அடைத்து இறுகத் திருகி வைத்தேன். நடுராத்திரி 'டப்'பென்ற சத்தம். காலையில் அலமாரியெல்லாம் செங்குழம்பு. மூடியைத் தளர்த்தி வையுங்கள். மேலே பூஞ்சை கட்டினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஊறுகாய் போல இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதுவும் உப்புப் பண்டம்தான். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் சாப்பிட்டு ரத்தம் ஊறிவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். மாத்திரையை விடாமல் போட்டதும், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தியதும்தான் டாக்டர் சொன்ன காரணங்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். ஆனால் ராத்திரியில் ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிடுகிறாள். தொட்டுக்கொள்ள நம் முள்ளங்கி. பங்குனியில் மதுரகாளியம்மன் திருவிழாவுக்கு வந்தபோது பார்த்ததில் ஹீமோகுளோபின் 11.8. நூடுல்ஸை அடியோடு விடவில்லை. சனிக்கிழமை ஒரு பாக்கெட், பாதிப் பொடி, மேலே ஒரு முட்டையும் கோஸும். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. பாலித்தீன் பை இரண்டு போட்டுக் கட்டியும், பூண்டு வாசத்துக்குக் கண்டக்டர் இவரை முறைக்கிறாராம். நேற்று ராத்திரி போனில், "பாப் மொகொஸ்ஸோம்மா?" என்று கேட்டுவிட்டு ஒரு ஆர்டர் கொடுத்தாள். கூட இருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெண் வீட்டில் பூண்டு, வெங்காயம் சேர்க்க மாட்டார்களாம். அவளுக்கும் ஒரு பாட்டில் வேண்டுமாம். கொரியாவில் புத்தர் கோயில் மடங்களில் பூண்டும் வெங்காயமும் மீனும் இல்லாமல்தான் கிம்ச்சி போடுகிறார்கள். இஞ்சியைக் கூட்டி, ஒரு பேரிக்காயைத் துருவிப் போட்டு, நாளைக்கு முள்ளங்கி நறுக்க வேண்டும்.